தில்லையம்மாளுக்கு நான் போட்ட டிக்குகள்

திருப்பாப்புலியூர், கடலூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் சாயங்காலம் பஜ்ஜிக் கடைப் பக்கம் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. போனில் சொன்னால் கிளாஸ் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி. கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் பாதிக் கோபம் என் மேல்தான்.

போன மாசம் நீ மனநோய் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு இருபது கேள்விப் பேப்பர் அனுப்பி, உன் தில்லையம்மா அத்தையை நினைத்து ஆமாம், இல்லை என்று டிக் போடச் சொன்னாயே, அதைத்தான் சொல்கிறேன். என் அண்ணன், உன் மாமா, இறந்த பிறகு அத்தை தனியாகப் பேசுகிறார் என்று அவர் மகன் சேரன் சிதம்பரத்திலிருந்து புலம்பியதால்தான் நீயும் அனுப்பினாய். கண்ணுக்குத் தெரியாதவரோடு பேசுவாரா என்று கேட்டிருந்தது. ஆமாம் என்று போட்டேன், தினம் நடராஜரோடு பேசுகிறாரே! தனக்கு மட்டும் சேதி வருவதாக நம்புவாரா? ஆமாம், சாமி மாலையிலிருந்து பூ விழுந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்பாரே. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வாரா? ஆமாம், ஒன்பது தரம் பிராகாரம் சுற்றாமல் காப்பி குடிக்கமாட்டார். இப்படியே பதினேழு ஆமாம். நீயும் அங்கிருந்து உடனே கவனிக்கணும் என்று சேரனுக்கு மெசேஜ் போட்டுவிட்டாய். அடிப்பாவி, டாக்டர் படிப்பில் இரண்டாம் வருஷம்தானே நீ! அவன் பயந்தாங்கொள்ளி, ஓசூருக்கு மாற்றல் வேறு வந்திருக்கிறது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி பிரீதாவுக்கும் பயம். ஒரு டாக்டரிடம்கூடக் காட்டாமல் திண்டிவனம் பக்கம் ஏதோ மனநல ஹோமில் இடம் பேசிவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடப்போகிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். நேராக அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போய் கனகசபைக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பெண்கள், யூனிஃபார்மோடு வந்த ஒரு போலீஸ்காரர், எல்லாரும் வாய்விட்டுச் சாமியிடம் பேசினார்கள். ஒருத்தி "ஏண்டா இப்புடிப் பண்ற, ஒனக்குக் கண்ணு இல்லியா" என்று திட்டித் திட்டி அழுதாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையே ஓசூர் அபார்ட்மெண்டில் செய்தால் செக்யூரிட்டி வந்து நிற்பான். நீ போனில் சொல்லிக்கொடுத்த நாலு அளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெரும்பாலோர் செய்யாததா, சமூக வழக்கத்துக்கு மாறானதா, அன்றாட வேலை கெடுகிறதா, அவருக்கே வேதனையா என்று. பெரும்பாலோர் செய்யாதது என்றால் நம் தெருவில் டப்ளின் போன பெண் நீ ஒருத்திதான், உன்னையும் ஹோமில் விடலாமா? வழக்கத்துக்கு மாறு என்றால் எந்தத் தெரு வழக்கம்? வேலை கெடுகிறதா என்றால், பேரனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதிலிருந்து ரேஷன் கடைக்குப் போய்வருவதுவரை அந்த வீட்டில் அத்தைதான். அதற்காக உன் படிப்பே பொய் என்று நான் சொல்லவில்லை. எதிர் வீட்டுக் கலைமணி இஸ்திரி போட்ட சட்டையோடு நேரத்துக்கு ஆபீஸ் போனான், எல்லாரிடமும் சிரித்தான், உன் பேப்பரைக் கொடுத்திருந்தால் இருபதுக்கும் இல்லை என்றுதான் போட்டிருப்பேன். ஒருநாள் மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனை இன்றைக்கு மறுபடி சாப்பிட்டுத் தூங்க வைத்திருப்பது டாக்டர்தான். அத்தைக்கும் தேவை என்றால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். ஆனால் டாக்டர் நேரில் உட்கார்ந்து பேசிச் சொல்லட்டும். சிதம்பரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு தாளும், உன் அம்மா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அவசரத்தில் போட்ட டிக்கும் முடிவு பண்ணக்கூடாது.

பிறகு வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சேரனிடம் சொன்னேன். "அத்த, நீங்கதான டிக்கு போட்டீங்க, எழிலும் சொல்லிடுச்சி, இப்ப வந்து இல்லன்னா எப்புடி?" என்று கேட்டுவிட்டான். அவசரத்தில் போட்டது என் தப்புதான் என்று அவனிடம் ஒத்துக்கொண்டேன். இருந்தாலும் விடப்போவதில்லை. வியாழக்கிழமை காலை நானும் அப்பாவும் போகிறோம். அவன் ஓசூர் போகட்டும், அத்தை எங்களோடு கடலூரில் இருக்கட்டும், இல்லை சிதம்பரத்திலேயே இருக்கிறேன் என்றால் நான் போய்த் துணைக்கு இருக்கிறேன். ஹோம் வண்டி வந்தால் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன், உன் அம்மா செய்யக்கூடியவள் என்று உனக்கே தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தப் பதினேழு ஆமாமை வைத்து நீ சொன்னது தப்பு என்று சேரனிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். வெட்கப்படாதே, நானும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மனசில் வேதனை இருக்கிறதா என்ற கேள்விக்கும் நான் ஆமாம் போட்டிருந்தேன் எழிலு, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே. ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்தும்போதுதான் முதல் தடவையாக, அண்ணி, ஒங்களுக்கு ஏதாச்சும் கஷ்டமா இருக்கா என்று கேட்டேன். கையிலிருந்த ஈரத்துணியை மறுபடி வாளியிலேயே போட்டார். "மங்கலம், பத்து நாளா கோயிலுக்குப் போவல. அந்த நடராஜன்கிட்ட வாயத் தொறக்கல. யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. சோறு எறங்கல" என்றார். நான் அழுதுவிட்டேன். கீழே வந்தால் பிரீதா, பாவம், நிஜமான சந்தோஷத்தோடு சொல்கிறாள், "ஹோம் பேச்ச எடுத்ததுலேருந்து அவுங்க நார்மலாயிட்டாங்க, சத்தமே இல்ல, அங்க போனா இன்னும் நல்லாயிடுவாங்க" என்று. வெளியிலிருந்து பார்த்து டிக் போட்டால் இன்றைக்கு அத்தைக்கு ஒரு ஆமாம்கூட விழாது.

நோய் நொடி இல்லாமல் படிப்பை முடித்து, நாலு பேர் நம்பி வருகிற டாக்டராக நீ வர வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் செய்கிறோம். தலைக்கு எண்ணெய் வை. சேரன் ஆறு மணிக்கு மேல்தான் போனை எடுப்பான். நாளைக்கே பேசு, வியாழனுக்குத் தள்ளாதே. அவனோடு பேசி முடித்ததும் போனை அத்தையிடம் கொடுக்கச் சொல்லி, நீயும் அவரை ஒரு வார்த்தை கேள்.

உன் அம்மா,
மங்கலம்