என் பெயரில் எழுதிய பதினொரு மணி

பெரியவனே,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முட்டையையாவது தின்றுவிடு. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், நீ எழுந்திருக்கவில்லை.

காலையில் உன் பல்கலைக்கழகத்திலிருந்து போன். ஊழியர்களுக்கு மனநல ஆலோசனைக்கு நேரம் குறிக்கிற உன் மேசையில், நீ லீவு என்பதால் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, இன்னைக்குப் பதினொரு மணிக்கு உங்க பேரு இருக்கு. வருவீங்கல்ல?"

"எனக்கென்னம்மா கேடு?"

"உங்க பையன்தான் லீவுக்கு முன்னாடி எழுதியிருக்காரு. வீட்டு ஆளுங்களும் வரலாம்மா. தூக்கமே இல்ல, குளிக்கக்கூட எழுந்திருக்க முடியல, சும்மா சும்மா அழுகை வருதுன்னு போட்டிருக்கு."

நான் குறட்டை விட்டுத் தூங்குவது தெருவுக்கே தெரியும். எழுதியது யாரைப் பற்றி என்று புரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் நேரம் குறிக்கிறவனுக்குத் தன் பெயரை எழுதக் கை வரவில்லை. நேற்று உன்னைச் சோம்பேறி என்று ஏசிய வாயை நான் என்ன செய்ய?

யாரும் போகாவிட்டால் அடுத்த நேரம் இரண்டு மாதம் கழித்துத்தானாம். அதனால் நான் கிளம்புகிறேன். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் எழுந்து இடம் விடுகிறேன். சாவி ஆணியில் இருக்கிறது, பூட்டிவிட்டு வா.

அம்மா

குளிக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே வா.

வர முடியாவிட்டால் போனாவது பண்ணு. நீ தூங்குவதில்லை என்று நானே சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் என்னப்பா சொல்ல?