காகிதத்தில் வரைந்த பாதம்

அன்புள்ள நிமாவுக்கு,

போர்த்தோவிலிருந்து டெல்மா சித்தி எழுதுகிறேன். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது, மாதா மாதம் ஊசி போடுகிறாயா என்று கேட்பதற்கு முன்னால், பத்து வருடத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமைச் சந்தையில் உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். உன் அம்மா இறந்து அன்றைக்கு நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும்.

போர்த்தோவிலேயே உன்னிடம் சொல்லிவிட்டார்கள் என்று காடி அத்தை இன்றுவரை சாதிக்கிறாளே, யார் பொய் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். நான்தான். உன் ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிரசவத்தில் அம்மா போய்விட்டாள் என்று உங்கள் ஊர் பிசாவிலிருந்து தகவல் வந்தது. வெளிநாட்டுக் குழந்தைகளை வீட்டில் வைத்து இலவச வைத்தியம் பார்க்க உதவும் எங்கள் குழுவுக்கு ஒடேத் அம்மாதான் தலைவி. "இப்ப ஒண்ணும் சொல்லாதே, அழுதா அந்த நெஞ்சு தாங்காது" என்றார். டாக்டரும் அதையே சொன்னார். ஞாயிறு தோறும் போனில் அம்மா வயலுக்குப் போயிருக்கிறாள், சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று அத்தை சொன்னதெல்லாம் நாங்கள் கெஞ்சிக் கேட்டதால். "எங்கம்மாவுக்கு வயல்லயே வீடு கட்டிக் குடுத்துடலாம் போல" என்று நீ சிரித்தாய்.

ஆபரேஷன் முடிந்து நீ மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவ ஆரம்பித்த பிறகு ஒடேத் அம்மா கூப்பிட்டு, "கிளம்பறதுக்குள்ள சொல்லிடும்மா, உன்கிட்டதான் ஒட்டிக்கிட்டிருக்கா, அங்க போய் இறங்கினப்புறம் தெரிஞ்சா பாவம்" என்றார். அதற்காகத்தான் உன்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட மனசில் எழுதி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாய். நீ புறப்படும்போது உன் அம்மா அதன்மேல் ஏறி நிற்க, நீ கரித்துண்டால் சுற்றி வரைந்த பாதம். செருப்புக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது காலா, படகா?" என்றார். "எங்கம்மா கால். அவ நடந்தா உங்க கடையே ஆடும், பாத்துக்குங்க" என்றாய். அவர் சிரித்தபடி மஞ்சள் செருப்பைக் காகிதத்தின் மேல் வைத்தார், நீ விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். மஞ்சள் நன்றாயிருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்று மாலை ஒடேத் அம்மா போனில், சொன்னாயா என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அழுதாளா என்றார். கொஞ்சம் என்றேன். அதை நம்பி அவர் உன் அத்தைக்குத் தெரிவித்தார். நீ சனிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் மிச்சமிருந்தது, நீ அந்தச் செருப்புப் பெட்டியை மூன்று முறை பிரித்துப் பிரித்துக் கட்டினாய், நான் நூல் வெட்டிக் கொடுத்தேன். நிறையப் படித்தவளுக்கு வாயை மூடிக்கொள்ளவும் நல்ல காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. காடி அத்தை வீட்டுப் படியை நீ பத்து வருடமாக மிதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு.

ஒடேத் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று, அவரிடமும் போன வாரம்தான் உண்மையைச் சொன்னேன். என் வீட்டில் நீ படுத்த கட்டிலில் அதற்குப் பிறகு யாரையும் படுக்க வைக்கவில்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லையென்று குழுவிலிருந்து விலகிவிட்டேன். நர்ஸ் படிப்பில் ராத்திரி டியூட்டி வந்தால் வெறும் வயிற்றோடு போகாதே. பல் பிடுங்கப் போனால் இதய வால்வு சரிசெய்தது என்று முதலில் சொல், மறந்துவிடாதே. உன் மூச்சு என்றும் சீராக இருக்கட்டும், உன் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்காமல் வாழட்டும். பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அம்மா என்று கூப்பிட விடக்கூடாது என்பது குழுவின் விதி, ஆகையால்

சித்தி
டெல்மா

பி.கு. உன்னை விமானத்தில் அழைத்துப் போன நர்ஸ் எல்சா திரும்பி வந்து சொன்னாள். காடி அத்தை அழுதபடி உன்னைக் கட்டிக்கொண்டாளாம். நீ விலகி, விமான நிலையக் கூட்டத்தில் அம்மா கண்ணில் படட்டும் என்று, செருப்புப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாயாம். கடைசி ஆள் வெளியே போகும்வரை கையை இறக்கவில்லையாம்.