பன்னிரண்டாவது இலந்தைக் கொட்டை

தேஜோன்
18 அக்டோபர் 2005

மூசில் அகழாய்வுத் தலைவர் திரு. பியோ தல்சூ அவர்களுக்கு,

வணக்கம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது கடிதத்தின் முறை என்பதால் விசாரித்தேன்.

பழங்கிணற்றிலிருந்து தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு இலந்தைக் கொட்டைகளின் கார்பன் காலக்கணிப்பு முடிவுகளைச் சென்ற மாதமே அனுப்பிவைத்தேன். பதினொன்று ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பழையவை. ஒன்று மட்டும் 1957-ஐ ஒட்டியோ, 2003-க்கும் 2005-க்கும் இடையிலோ மரத்தில் காய்த்தது. வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த நாள்தொட்டு உலகத்தின் எல்லாக் காய்களிலும் அந்த வெடிப்புகளின் கார்பன் ஏறி, பின் மெல்ல இறங்கிவருகிறது; அதனால்தான் ஒரே அளவு இரண்டு காலங்களுக்குப் பொருந்துகிறது. அதைக் கண்டறிவதில் எங்களுக்குச் சிரமமே இல்லை.

நேற்றைய நாளிதழில் தாங்கள் சொன்னதாக வந்திருப்பதைப் படித்தேன்: "பதினொண்ணு சரியாத்தான் வந்திருக்கு. பன்னிரண்டாவதுல ஆய்வுக்கூடத்துல ஏதோ குளறுபடி பண்ணிட்டாங்க. மனுஷங்கதானே, விடுங்க."

அந்தக் கொட்டையை நான் மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை என் உதவியாளர்களை வெளியே அனுப்பிவிட்டு நானே அளந்தேன். "மனுஷங்கதானே" என்று மன்னித்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அதே நாளிதழில் மறுப்பு வர வேண்டும்.

இப்படிக்கு,
நாம்குங் ஹியோக்
இயக்குநர், காலக்கணிப்பு ஆய்வுக்கூடம்


மூசில்
24 அக்டோபர் 2005

அன்புள்ள ஹியோக் அண்ணே,

கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக என்னை "டேய்" என்று அழைத்தவர் "தாங்கள்" என்று எழுதினால் எனக்குக் காய்ச்சல் வராதா?

நாளிதழ்க்காரர் மூக்குக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டிவிட்டார், அண்ணே. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தப்புத்தான். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். புறவழிச்சாலை இந்தக் கிணற்றின் மேல்தான் வரப்போகிறது. டிசம்பர் இருபதாம் தேதி தொல்லிடப் பாதுகாப்புக் குழு சியோலில் கூடுகிறது. கிணறு பழையது என்று அவர்கள் நம்பினால் சாலை வளையும். நம்பாவிட்டால் மார்ச்சில் தார் ஊற்றிவிடுவார்கள். அந்த ஒற்றைக் கொட்டையைக் காட்டியே மற்ற பதினொன்றையும் பொய்யாக்கிவிடுவார் சாலை நிறுவனத்து வக்கீல். அறிக்கையில் ஒரே ஒரு வரி. அதை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

எங்கள் தளத்தில் மண் தோண்டுகிற மாக்சுன் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏன் ஐயா, உங்க சிநேகிதருக்கு வயசாகுதுல்ல? மெஷினுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிடச் சொல்லுங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பியிருக்கிறேன். இந்த ஆண்டு நல்ல இனிப்பு.

உங்கள் தம்பி,
தல்சூ


தேஜோன்
31 அக்டோபர் 2005

திரு. பியோ தல்சூ அவர்களுக்கு,

பேரிக்காய்கள் வந்து சேர்ந்தன. ஆய்வு முடிவு பற்றிய கோரிக்கையோடு வரும் பழங்களை நான் உண்பதில்லை. உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டேன். இனிப்பாக இருந்ததாகச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

அளந்ததில் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை நீக்குவதென்றால் இயந்திரம் எதற்கு? தங்களுக்கு வேண்டிய ஆண்டுகளைத் தாங்களே எழுதிக்கொள்ளலாமே. கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் வந்தால் போதும். அந்த வரி இருக்கும்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி தளத்தை நேரில் பார்க்க வருகிறேன். என்னை வரவேற்க யாரும் வர வேண்டாம்.

நாம்குங் ஹியோக்


தேஜோன்
25 நவம்பர் 2005

திரு. பியோ தல்சூ அவர்களுக்கு,

அன்று சாப்பாட்டுக்கு நிற்காமல் நான் பேருந்து ஏறியது மரியாதைக் குறைவுதான். ஆனால் நின்றிருந்தால் மரியாதை இன்னும் குறைந்திருக்கும்.

நான் வந்த வேளையில் இரண்டாவது கிணற்றைத் திறப்பதற்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. படையல் பலகையில் பன்றித் தலை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் பணத்தாள்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற தாங்கள் மண்ணில் நெற்றி பட விழுந்து வணங்கினீர்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை, நானும் வணங்கியிருப்பேன். அதன்பின் தாங்கள் எழுந்து, ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளைக் கிணற்றில் ஊற்றி, தட்டிலிருந்த இலந்தைப் பழங்களைக் கைநிறைய அள்ளி, உள்ளிருக்கும் ஆவிக்குப் பங்கு கொடுக்கும் "கோசுரே!" என்ற சொல்லைக் கூவியபடி, கிணற்றுக்குள்ளேயே வீசினீர்கள்.

பக்கத்தில் நின்ற மாக்சுன் அம்மையாரிடம் கேட்டேன்.

"முதல் கிணத்துக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"பின்னே? உள்ள இருக்கிறவருக்கு மட்டும் பசிக்காதா? ஜூன்ல வாயைத் திறந்தன்னைக்கே ஐயா இதைவிட ஜாஸ்தி போட்டாரு. மறுவாரமே மழை பிடிச்சு, ஒரு மாசம் கிணறு ரொம்பிக் கிடந்துச்சு. நீங்க யாரு, சாமி கும்பிடாத ஆளா?"

"நான்தான் அந்த மெஷின்காரன்."

"அட! கண்ணாடி ஏற்கெனவே போட்டிருக்கீங்களே!"

சமையல் கொட்டகையில், ஜூன் பூசைக்குப் பழமெடுத்த சென்ற ஆண்டு உலர் இலந்தை மூட்டையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதிலிருந்து ஒரு பழத்தைக் கேட்டு வாங்கிவந்து, கொட்டையை அளந்தேன். பன்னிரண்டாவது கொட்டையோடு அப்படியே பொருந்துகிறது. தங்கள் காணிக்கையை ஒரு மாத மழைநீரும் சேறும் கறுக்கவைத்தன. ஆகஸ்டில் தாங்களே அதைப் பொறுக்கியெடுத்து, பழையவற்றோடு ஒரே பையில் போட்டு, எனக்கு அனுப்பிவைத்து, பின்னர் குளறுபடி என்னுடையது என்று நாட்டுக்கே அறிவித்தீர்கள்.

எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையாக இருக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வரியை மறைத்தால் வக்கீல் அதைக் கண்டுபிடிப்பார், கிணறு போய்விடும். நடந்ததைச் சொன்னால், தாங்கள் ஜூனில் வீசிய பழத்தையே இனங்கண்டுகொண்ட இயந்திரம் மற்ற பதினொன்றிலும் பொய் சொல்லாது என்று ஆகும். தங்களிடம் இருப்பதிலேயே பலமான சாட்சி அந்தக் கொட்டைதான். அதைக் குழுவின் முன் தாங்களே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

நாம்குங் ஹியோக்


மூசில்
2 டிசம்பர் 2005

அன்புள்ள அண்ணே,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

தான் தோண்டுகிற கிணற்றில் தானே பழம் போட்டவன் என்று தெரிந்தால், இனி யார் எனக்கு ஒரு தளம் தருவார்கள்? இந்தத் தொழிலைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். மாக்சுன் அக்காவோ, "மழையில எலி கொண்டாந்து போட்டுச்சுன்னு சொல்லிடுங்க ஐயா, எலி வந்து சாட்சியா சொல்லப்போகுது?" என்கிறார். எலி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

இன்னும் முடிவு செய்யவில்லை, அண்ணே.

தல்சூ


மூசில்
23 டிசம்பர் 2005

அன்புள்ள அண்ணே,

சியோலில் நல்ல பனி. குழுவின் தலைவி, மெலிந்த உருவம், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "இந்தப் பன்னிரண்டாவது கொட்டை எங்கேருந்து வந்துச்சு?"

எலி என் நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் முகமும் வந்தது. உங்கள் முகம்தான் பெரியது.

"என் கையிலேருந்துங்க அம்மா" என்றேன்.

ஜூன் பூசை, மழை, ஒரே பை, நாளிதழ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வுக்கூடத்தின் மேல் நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வக்கீல் எழுந்தார்: "அப்ப மத்த பதினொண்ணையும் நீங்களே போட்டிருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து இலந்தை எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லுங்க சார், வாங்கிப் போடுறேன்."

தலைவி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். உங்கள் அறிக்கையைப் பன்னிரண்டு வரிகளோடும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். சாலை வளைகிறது, அண்ணே! கிணற்றுக்குக் கிழக்கே, நெல்வயலைச் சுற்றிப் போகிறது.

எனக்கும் ஒரு வளைவு உண்டு. கவனக்குறைவுக்காக ஓராண்டுக்கு எந்த அகழாய்வுக்கும் நான் தலைமை தாங்கக் கூடாது. நியாயம்தான். இங்கே எல்லோருக்கும் கொண்டாட்டம்; மாக்சுன் அக்கா கள் ஊற்றிக்கொடுத்தார். கிணற்றுப் பக்கம் மட்டும் என்னை விடவில்லை.

மறுப்பையும் நானே எழுதி நாளிதழுக்குக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

தல்சூ


தேஜோன்
28 டிசம்பர் 2005

தல்சூ,

மறுப்பு பதினான்காம் பக்கத்தில், மாட்டுத் தீவன விளம்பரத்துக்குக் கீழே வந்திருக்கிறது. படித்தேன். என் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது. போதும்.

உனக்கு விதித்த ஓராண்டுத் தடை குறித்துப் பாதுகாப்புக் குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றை இன்று காலை அனுப்பினேன். தன் பெயர் கெடும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவனைத் தண்டித்தால், அடுத்து வருகிறவன் என்ன சொல்லக் கற்றுக்கொள்வான் என்று கேட்டிருக்கிறேன். மிகவும் பணிவாகவே கேட்டிருக்கிறேன். படிப்பவர்கள் அன்று சரியாகச் சாப்பிட மாட்டார்கள். உன் மேல் கோபப்படும் உரிமை முப்பது ஆண்டுகளாக என்னுடையது. அதை எந்தக் குழுவுக்கும் நான் கொடுத்ததாக நினைவில்லை.

அவர்கள் முடிவை மாற்றுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே விதைகளைப் பிரித்துத் தர விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் இரண்டு அலமாரிகள் நிரம்பிக் கிடக்கின்றன. சம்பளம் குறைவு. என் அறைக்கு எதிரே ஒரு மேசையைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்துவிடு. தாமதமாக வந்தால் இனி கடிதம் எழுத மாட்டேன். நேரிலேயே சொல்லிவிடுவேன்.

ஹியோக்