அடுக்களைக்கு மூன்றாவது விளக்கு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. புனேயில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அப்படித்தான் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், காரணம் கீழே வரும். எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே, அதற்கும் காரணம் கீழே வரும். நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், நானும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அப்பாவுக்கும் மகளுக்கும் நல்ல பொருத்தம். போனில் சொல்ல முடியாத விஷயம் இது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவே கேட்கும். கடிதம் என்றால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாள். ஆகவே அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. இந்த வயதில் அவளிடமே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு அதற்கு வழி பிறந்திருக்கிறது, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதலில் அடுக்களை விளக்கைப் பற்றிய என் ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன். புதிதாக மேல் அலமாரி வைத்ததும் மேடையில் நிழல் விழுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா சொன்னாள், விரலையும் அறுத்துக்கொண்டாள். நீ பதறிப்போய் அலமாரிக்கு அடியில் ஒட்டுகிற எல்.இ.டி. பட்டை விளக்கை வாங்கி அனுப்பினாய். உன் மனசு நல்ல மனசு, ஆனால் அந்தப் பெட்டியை எவன் செய்தானோ. சீன எழுத்து இருக்கிறது, அரபி எழுத்து இருக்கிறது, தமிழ் மட்டும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்த எனக்கு எவ்வளவு ஏமாற்றம். வயரிங் வேலைக்கு ஸேவி என்று அக்கரை வைப்பின் தீவுக்காரன் ஒருவன் கிடைத்தான். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்பான், மத்தியானம் வந்து ஜங்கார் கிட்டியில்லா சேட்டா என்று படகின்மேல் பழியைப் போடுவான். முதலில் ஒட்டியது மஞ்சள் விளக்கு, அதில் சாம்பாரும் ரசமும் மோரும் ஒரே நிறம். அம்மா மங்கல் என்றாள். அதைப் பிய்த்துவிட்டு வெள்ளை வாங்கினோம். இரண்டாம் நாள் சோறு கொதித்த ஆவியில் பசை விட்டுப் பட்டை முழுவதும் கழன்று கல்யாண வீட்டுத் தோரணம்போல் ரசச் சட்டிக்குள் தொங்கியது. அந்த ரசத்தை நான்தான் குடித்தேன். மூன்றாவதாக அலுமினியச் சட்டம் வைத்து ஸ்குரு முடுக்கி அதற்குள் விளக்கைப் போட்டான், அடுக்களை நகைக்கடை மாதிரி ஜொலித்தது. அம்மா மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்போதும் மங்கல் என்றாள். ஸேவிக்குக் கோபம் வந்துவிட்டது. இதுக்கு மேலே வெளிச்சம் வேணுமெங்கில் எங்க வைப்பின் லைட் ஹவுஸைத்தான் கழட்டிக் கொண்டு வரணும் சேச்சி என்றான். அவள் விடுவாளா, அவ்வளவு பெரிய விளக்கு உங்க ஊர்ல இருந்தும் நீ வழி தெரியாமத்தானே தினமும் லேட்டா வாரே என்றாள். நானும் அவளைத் திட்டினேன். மகள் அனுப்பிய பொருளை வேண்டுமென்றே குறை சொல்கிறாய், பழைய கரி பிடித்த அடுக்களைதான் உனக்கு லாயக்கு என்று கத்தினேன். அதை இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸேவி இன்னும் பெரிய அடாப்டர் ஒன்று கொண்டுவந்தான். பழையதைக் கழற்றிவிட்டு, இதை மாட்டுவதற்கு முன்னால் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க சுவிட்சைப் போட்டான், டப்பென்று சுவிட்ச் சத்தம் கேட்டது. அம்மா மேடைக்கு முன்னால் நின்றிருந்தாள். எங்கள் சண்டையில் அவளுக்கும் அலுத்திருக்கும். அப்பாடா, இப்பத்தான் வெளிச்சம் வந்துச்சு, கடுகுகூடத் தனித்தனியாத் தெரியுது, காசைக் கொடுத்து அனுப்புங்க என்றாள். விளக்கு எரியவில்லை மகளே. அடாப்டர் அவன் கையில்தான் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு அவன் சத்தமில்லாமல் அதை மாட்டிவிட்டு, சேச்சிக்கு இஷ்டப்பட்டல்லோ, அது மதி, அது போதும் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான், சாயாகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. தரையில் சாக்பீஸால் முறம் அகலத்துக்கு அவள் எழுத்துப் போட்டுக் காட்டியபோது, எனக்கு மண்டையில் ஏறாது என்றுதான் அப்படி எழுதுகிறாள் என்று நினைத்தேன். நான் எழுதினாலும் பெருசா எழுதுங்க, பெருசா எழுதுங்க என்பாள். மசாலா பாக்கெட்டைப் படியுங்க, காலண்டர்ல இன்னைக்கு என்ன போட்டிருக்கு, மாத்திரை அட்டையில தேதி என்ன என்று எதை எடுத்தாலும் என்னிடம் நீட்டினாள். நான் படிப்பதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்திக் கத்திப் படித்தேன், முட்டாள். நேற்று நேராகவே கேட்டேன். ஆமா, தெரியலைதான், அதுக்கு இப்ப என்ன, என் அடுப்பு எனக்குத் தெரியும் என்றாள். உங்க மவகிட்ட வாயைத் தொறந்தீங்கன்னா அவ நம்ம ரெண்டு பேரையும் மூட்டை கட்டிப் புனேக்குக் கொண்டுபோய் ஒரு ரூம்ல உட்கார வச்சிருவா, அப்புறம் நான் யாரோ பொங்கிப் போட்டதைத் திங்கணும் என்றாள். அதுதான் அவள் பயம். எதிர் வீட்டு அம்முவின் மாமியாருக்கும் இப்படித்தான் புரை விழுந்திருந்தது, அறுத்து எடுத்துவிட்டார்கள், இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று அங்கிருந்தே சொல்கிறாள். இவளுக்கும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கண் ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுகிறாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. போன் பண்ணாதே, இந்த ஒரு தடவை காகிதத்தில் எழுது, அம்மா பெயருக்கே போடு. கண்ணைக் காட்டினால்தான் ஓணத்துக்கு வருவேன், உங்களைப் புனேக்கு இழுத்துக்கொண்டு போக மாட்டேன், அடுக்களை கடைசிவரை உனக்குத்தான் என்று எழுது. சின்னச் சின்ன எழுத்தாக எழுது, அப்போதுதான் அவள் என்னிடம் நீட்டுவாள். நீ எதையாவது விட்டுவிட்டாலும் நான் சேர்த்து வாசித்துக்கொள்வேன். இத்தனை வருஷம் அவள் எனக்கு வாசித்துக் காட்டிய கடிதங்களில் எத்தனை வரி அவளே போட்டதோ, அதை நான் கேட்கப் போவதில்லை. இதை எழுதும்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து உள்ளி உரிக்கிறாள். இவ்வளவு நேரமா என்ன எழுதுறீங்க என்றாள். பழகுறேன் என்றேன். காகிதத்தை மறைக்கக்கூட இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடும் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும். ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைப் பார்க்காதே, உனக்கும் இரண்டு கண்தான். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, ஓணத்துக்கு வரும்போது கொண்டு வா. அவளே வாசித்துவிட்டு என்னைத் திட்டட்டும். அந்தத் திட்டு எனக்கு வேண்டும்.

சொந்தக் கையால் எழுதிய,
உன் அப்பா
முத்துராமலிங்கம்