பத்துக்கு இரண்டு

மார்ச் 4, திங்கள்
பிரஸ் மீட்டில் எல்லோர் முன்னாலும் கோச் என்னைப் பிடித்துக்கொண்டார். “சனிக்கிழமை ஆட்டத்துக்கு என் இடது பக்க டிஃபெண்டருக்குப் பத்துக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. ‘நின்றபடியே தூங்கினார்’னு எழுதியிருக்கீங்க. நீங்க எங்க சார் ஃபுட்பால் படிச்சீங்க?”

“சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சொல்ல, சமையல் படிச்சிருக்கணுமா?” என்றேன்.

அறையே சிரித்தது. பதினொரு வருடமாக விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவனுக்கு இதுகூட வராதா? வீடு வரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்
கோச் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஜன்னல் இல்லாத சின்ன அறை, இரண்டு மடக்கு நாற்காலிகள், சுவரில் திரை. சனிக்கிழமை அவர் டீம் வாங்கிய கோலுக்கு முந்தைய சில நொடிகளை ஓட்டி, நிறுத்தினார்.

“இப்ப இவன் எங்க நிக்கணும்?”

இடது ஓரத்தைக் காட்டினேன்.

“அங்க நின்னா நடுவுல யாரு?”

நடுவில் யாருமே இல்லை. பந்தைப் பறிகொடுத்த கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் விட்ட ஓட்டையை அடைக்கத்தான் டிஃபெண்டர் உள்ளே ஓடி வந்திருக்கிறார், கோச் சொல்லிக்கொடுத்தபடியே. பந்து அவர் விட்டுவந்த ஓரத்துக்குப் போய்விட்டது.

கேப்டனுக்கு நான் போட்ட மார்க் எட்டு.

கோச் கத்தியிருந்தால் தேவலை. விளக்கைப் போட்டுவிட்டு, “டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.

மார்ச் 7, வியாழன்
கோச்சிங் படிப்புக்கு மனு போட்டேன். எட்டு வாரம், சனி ஞாயிறு வகுப்பு.

மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “இதைப் படிச்சிருந்தா அன்னைக்கு சரியா எழுதியிருப்பீங்களா?”

ஆமாம் என்றேன்.

பொய். இங்கேயாவது எழுதிவிடுகிறேன் — அந்தக் கோல் விழுந்தபோது நான் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடம். குனிந்து செய்தியின் முதல் பத்தியை அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். “யார் விட்டது?” என்று பக்கத்திலிருந்த ரேடியோக்காரரைக் கேட்டேன். “லெஃப்ட்ல ஆளே இல்லப்பா” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதுக்கு எந்தப் படிப்பு படிக்கிறது?

மார்ச் 9, சனி
அந்த டிஃபெண்டர் பந்தைத் தொடும்போதெல்லாம் கேலரி “ரெண்டு, ரெண்டு” என்று கத்தியது. நான் வைத்த பெயர். சொந்த மைதானத்தில், சொந்த ஆட்கள். இடைவேளைக்குப் பிறகு அவர் இறங்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
பிராக்டிஸ் முடிந்து, அவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ரேடியோக்காரர் உட்பட.

சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன்.

“எங்கப்பா உங்க பக்கத்தை விடாம படிப்பார் சார்,” என்றார். “அன்னைக்கு போன்ல, ‘ஏம்பா தூங்கினே’ன்னுதான் கேட்டார். என்ன நடந்துச்சுன்னு கேக்கல.”

அவ்வளவுதான். அடுத்த ஷூவை எடுத்துக்கொண்டார்.

ஒரு மனுசன் பெத்த பிள்ளையை நம்பாம என்னை நம்பியிருக்கார். என்னைப் போய். ச்சே.

மார்ச் 13, புதன்
திருத்தம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். ‘கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை’ என்ற வரியில் அவர் பேனா நின்றது.

“இதைப் போட்டா நாளைக்கு நீ எழுதுறதை எவன் நம்புவான்?”

“நம்பாம இருக்கட்டும் சார்.”

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மார்க் போடுற வேலை இனி உனக்கில்ல. பெரிய ஆட்டமும் கிடையாது. சரியா?”

தலையாட்டினேன்.

மார்ச் 14, வியாழன்
வந்துவிட்டது. கடைசிக்கு முந்தைய பக்கம், அடியில். அந்த வரியை வெட்டவில்லை. மனைவி படித்துவிட்டு, “என்கிட்டயாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்” என்றாள். பிறகு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனாள். இரண்டு நாளாவது ஆகும், முகம் கொடுத்துப் பேச.

மார்ச் 16, சனி
டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தேன். கேலரி இன்றும் கத்தியது. திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

மே 18, சனி
பரீட்சையில் தேறிவிட்டேன். அலுவலகத்தில் கை குலுக்கினார்கள். “இனிமே நீ சொன்னா அப்பீலே இல்ல” என்றார் போட்டோகிராபர். சிரிக்க முடியவில்லை. அந்த டிஃபெண்டரை வேறு ஊர்ச் சின்ன கிளப்புக்கு அனுப்பிவிட்டார்களாம். இன்றுதான் செய்தி வந்தது. நான்கு வரி. நானே அடித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, சனி
இரண்டாம் டிவிஷன் ஆட்டம், மூன்று மணி நேரப் பஸ். அந்த டிஃபெண்டரும் ஆடினார். ஒரு தடவை பந்து காலுக்கெட்டும் தூரத்தில் வந்தும் எடுக்காமல் பின்னால் போனார். எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

முதலில் ஷூவைக் கழற்றி முடித்தார். பிறகு பெஞ்சிலிருந்த தண்ணீர் பாட்டில்களை ஆட்களாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

“புரியுதா சார்?”

“பாதி.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீம் பஸ்ஸை நோக்கி நடந்தார். நானும் கிளம்பினேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் குரல் கேட்டது.

“மீதி எது புரியல?”

திரும்பி வந்து, பையை இறக்கி வைத்தார்.