அண்ணனின் விசைப்பலகை

வெஸ்ட்மீட்,
சனிக்கிழமை காலை

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஏன் போன் எடுத்துக் கதைக்கவில்லை என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை. அங்கே கிரான்பர்னில் குளிர் கூடிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். உங்களுக்கு வேலையும் குளிரறைக்குள். இருமல் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். விசா முடிவு வரட்டும் என்று அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

அண்ணனுக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சை முடிந்து பதினொரு கிழமை, இரண்டரை மாதம். காயம் ஆறிவிட்டது. குரல் திரும்பாது என்பது முதலே தெரிந்ததுதான். விசைகளில் அடித்தால் வாசித்துச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிதான் இப்போது அவருடைய வாய். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரிந்திருந்தது. கடைசியாக நீங்கள் எங்களுக்குப் போன் எடுத்தபோது, "அண்ணி, ஆரோ வெள்ளைக்காரன் அண்ணன்ர பேரிலை கதைக்கிறான். எனக்குக் கேக்க ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஆறு கிழமை. எனக்கு விளங்குகிறது. முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நானும் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அண்ணனும் தம்பியும் ஒருநாளும் ஆங்கிலத்தில் கதைத்ததில்லை. ஆகவே பெட்டிக்குத் தமிழ் பழக்குவது என்று முடிவெடுத்தேன். லிஃப்டை இயக்கும் சின்ன மின்சுற்றுப் பலகைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவளுக்கு இது பெரிய காரியமா என்று நினைத்தேன். கணினியில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கோப்பு ஒன்று இருக்கும். இந்தப் பெட்டிக்கு அதை வாசிக்கத் தெரியாது. அதன் நினைவகமும் சிறியது. கோப்பைப் பிரித்து, வெறும் எண்களின் அட்டவணையாக மாற்றி உள்ளே ஏற்றவேண்டும். பெட்டியைத் தந்த பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூன்று கிழமை வேலைக்குப் போய்வரும் ரயிலில் இருந்தபடி இதைத்தான் செய்தேன். தமிழ் வாசிக்கும் குரல் ஒன்றையும் சேர்த்தேன். அது சம்மதத்துக்குச் சொல்லும் "ஓம்" என்பதைக்கூட ஐயர் பூசையில் சொல்வதுபோல இழுக்கிறது. அதைத் திருத்த எனக்குத் தெரியவில்லை.

அண்ணனின் கையில் கொடுத்தேன். ஒரு சொல் அடித்தார். பெட்டி ஏதோ பிதற்றியது. இன்னொன்று அடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், தலையை ஆட்டினார். அடுத்த நாள் பெட்டி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. மூன்று நாள் தொடவில்லை. கதைக்கவே விருப்பமில்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபமும் வந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து நித்தியானந்தன் அண்ணை பார்க்க வந்தார். ஊரில், சுன்னாகத்தில் உங்கள் அண்ணனோடு ஒரே கந்தோரில் தட்டச்சு மேசையில் இருந்தவர். பெட்டியை எடுத்து இரண்டு விசை தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஆரின்ர கைக்குச் செய்தது? உவன் ஒபிசிலை தமிழ் ரைப் மெசினிலை பழகினவன். இது கொம்பியூட்டர் பிள்ளையள் அடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் அடிப்பவள் நான். யோசிக்காமல் நான் அடிக்கும் முறையின் கோப்பையே மாற்றி ஏற்றியிருக்கிறேன். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் எப்படி அடிக்கிறார் என்று ஒருநாளும் அவருடைய விரல்களைப் பார்த்ததில்லை. ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். கொப்பியில் எழுதிக் காட்டினார்: "நீ பட்ட பாட்டைப் பார்த்தனான். பழகுவம் எண்டு இருந்தன்."

தட்டச்சு முறைக் கோப்பை எடுத்து மறுபடியும் தொடங்கினேன். அதில், எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்கவேண்டும். பெட்டிக்கோ கொம்பு பின்னால் வரவேண்டும். ஒரு விசை பொறுத்திருந்து அடுத்ததோடு சேரும்படி அட்டவணையை மாற்ற இன்னும் எட்டு நாள் எடுத்தது. வியாழக்கிழமை பின்னேரம் கொடுத்தேன். விசைகளைப் பார்க்காமலே அடித்தார். பெட்டி சொன்ன முதல் வசனம்: "தேத்தண்ணிக்குச் சீனி காணாது." இத்தனை நாளும் அதைக் கொப்பியில்கூட எழுதாமல் அப்படியே குடித்திருக்கிறார். இருவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கும்.

இரண்டாவது வசனம், "சுகிர்தன் எடுத்தவனோ?"

உங்களுக்கு வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முகம் வழித்துவிட்டுப் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருக்கிறார். நீங்கள் வழக்கமாக எடுக்கும் நேரம்.

நான் உங்களிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் வைத்தபோது அவர் அடித்துக்கொண்டிருந்தார். தெரியாத ஆங்கில விசைகளைத் தேடித் தேடி, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்க. நீங்கள் லைனைத் துண்டித்த பிறகும் அடித்து முடித்தார். பெட்டி அதை எனக்கு வாசித்துக் காட்டியது.

இது அவருடைய குரல் இல்லை, தம்பி. நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சொற்கள் அவருடையவை. கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ, முடிந்தபோது எடுங்கள். நீங்கள் ஒன்று கேட்டதும் மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. விசைகளின் சத்தம் மட்டும் மெல்லக் கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் சுகத்துக்கு நாளும் வேண்டிக்கொள்ளும்,
அண்ணி சிவகௌரி