போற நாளின் பின்னேரம்

இன்று மத்தியானம் குசினியிலிருந்து ஒரு மணம் வந்தது. கதிரையில் சாய்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த நான் எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் மகள் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றாள். நேற்றைய பருப்பு, பாதிக் கத்தரிக்காய், ஒரு பிடி முருங்கையிலை, இரண்டு துண்டுக் கருவாடு, எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய்ப்பால்.

"என்ன கறி பிள்ளை?"

"போற நாள் கறி, அப்பா. மிஞ்சிக் கிடந்ததெல்லாம் போட்டிருக்கு."

அந்தப் பெயர் நீர் வைத்தது. திருகோணமலையில் வேறெந்த வீட்டிலும் இந்தக் கறிக்கு இப்படியொரு பெயர் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீர் கண்ணை மூடி ஏழு வருடம் ஆகிறது. அதற்கும் முன்பிருந்தே உமக்குச் சொல்லாமல் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். நீர் என்னிடம் கேட்டது ஒரேயொரு பின்னேரம். அதை நான் தரவில்லை என்பது உமக்குத் தெரியும். மறுநாள் நடந்தது உமக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பழைய வான் வண்டியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களில் ஒரு பழைய அம்புலன்ஸும் இருந்தது. ஏலத்தில் எடுத்தவர் அதைச் சில வருடம் உருட்டிவிட்டு என் தலையில் கட்டினார். ஏதோ ஒரு இங்கிலிசுச் சஞ்சிகையில், வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பமொன்றின் படத்தைப் போட்டு, கரவன் என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம். தச்சரைப் பிடித்து உள்ளே உட்கார இரண்டு வாங்கும் ஒரு மடக்கு மேசையும் அடிப்பித்தேன். நீர் பூப்போட்ட சீத்தைத் துணியில் யன்னலுக்குத் திரை தைத்தீர். அயலட்டையில் பகிடி பண்ணாத ஆள் இல்லை. "வருத்தக்காரரை ஏத்தின வண்டியிலையோ உல்லாசப் பயணம்?" என்று கேட்டவர்களுக்கு, "வருத்தம் வந்தாலும் இனி வண்டி தேடி ஓடத் தேவையில்லை" என்று நீர் பதில் சொன்னீர். பத்து மைல் தூரத்து நிலாவெளிக் கடற்கரைக்குப் போக ஒரு வீட்டையே உருட்டிக்கொண்டு போனவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அது ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டுப் புத்த சமயத்துப் போயா நாளை லீவாக்கியிருந்த காலம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பூரணை, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலவு என்று சந்திரன் சொன்னபடி அரசாங்கக் கந்தோர் பூட்டும். ஒரு கிழமை செவ்வாயில் லீவு வரும், அடுத்தது புதனில் வரும். சில கிழமைக்கு ஏழு நாள், சிலதுக்கு எட்டு. இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். போயாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். துறைமுகத்தில் பண்டசாலைக் கிளாக்கர்மாராகிய எங்களுக்கு இன்னும் குழப்பம். போயாவன்று கப்பல் வந்தால் சிலர் வேலைக்கு நிற்கவேண்டும், அதற்குப் பதிலாக வேறொரு நாள் லீவு தருவார்கள். யாருக்கு எந்த நாள் என்று எழுதி, போயாவுக்கு முதல் நாள் மத்தியானம் கந்தோர் வாசலில் ஒரு பலகையில் போடுவார்கள். அதை வாசித்துவிட்டுத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

போயாவுக்கு முதல் நாள் அரைநாள் வேலை. ஆகவே நாங்கள் வெளிக்கிட்டு, நிலாவெளியில் வானை ஒரு மர நிழலில் நிறுத்தி, உருளாமல் சில்லுக்குக் கல் வைத்து, தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி முடிய இருட்டிவிடும். மறுநாள் திரும்பவேண்டும். எங்கள் பயணங்களில் முழுநாள் என்று ஒன்று இருந்தால் அது திரும்புகிற நாள்தான். இதை நீர் முதல் பயணத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

"போற நாளும் நாள்தானே. அதுக்கும் ஒரு பின்னேரம் இருக்கு" என்பீர்.

அந்த நாளை மிச்சம் பிடிக்க நீர் செய்த வேலைகள் கொஞ்சமல்ல. பாயையும் தலையணையையும் தவிர மற்ற எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கட்டி வைத்துவிடுவீர். காலையில் ஒரேயொரு சட்டி, அதில் மிஞ்சின மரக்கறி எல்லாம். கழுவவும் ஒரே சட்டி. "இனி இண்டைக்கு ஒரு வேலையும் இல்லை. நாள் முழுக்க எங்களுக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து மணலில் இருப்பீர். நான் என்ன சொல்வேன் தெரியுமா? ஞாபகம் இல்லாமல் போகுமா உமக்கு? "எல்லாம் கட்டியாச்சுத்தானே. அப்ப வெளிக்கிடுவம்" என்பேன்.

நீர் நாளை நீட்டக் கட்டி வைத்ததை வைத்தே நான் நாளைக் குறைத்தேன். பத்து மணிக்கே எனக்குக் கால் நிலத்தில் பாவாது. வான் வழியில் நின்றுவிட்டால்? சேட்டு அயன் பண்ணவேண்டாமா? சப்பாத்துக்குப் பொலிஷ் போடவேண்டாமா? விடிந்தால் கந்தோர். அவசரக்காரனுக்குப் புத்தி மத்திமம் என்பார்கள். எனக்கு அந்த மத்திமமும் இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்த ஆவணிப் பூரணைக்கு வருகிறேன். மகளுக்கு ஒன்பது வயது. விடிகாலையில் கரைவலைக்காரர் வந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீர் அவர்களிடம் சின்னமீன் வாங்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் இருந்து அதைத் துப்புரவாக்கியபடி, ஏதோ உப்புப் புளி கேட்பதுபோலச் சொன்னீர்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குப் பின்னேரம் வலைக்காரர் போனாப்போலை நான் கடலிலை இறங்கப்போறன். கழுத்தளவுக்கு. கரையோடை கொஞ்சத் தூரம் நீந்திப் பாக்கவேணும்."

நான் சிரித்துவிட்டேன். "உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"கிளிவெட்டியிலை குளத்துக்குப் பக்கத்திலை பிறந்தவளைக் கேக்கிற கேள்வியோ இது? இந்தக் கரையிலை இருந்து அந்தக் கரைக்குப் போய்த் தாமரை புடுங்கினனான். பெரியபிள்ளை ஆனாப்போலை விடேல்லை."

கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். கடலுக்கு முன்னால் கட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறேன். உமக்கு நீந்தத் தெரியும் என்பதை அன்றுதான் கேள்விப்படுகிறேன். அத்தனை பயணத்திலும் முழங்காலளவுக்கு நின்று காலை நனைத்துவிட்டுத் திரும்பி வருவீர். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஆட்கள் நிற்கும் கரையில் ஒரு பெண் எப்படிச் சேலையோடு இறங்கி நீந்துவது என்பதை நான் யோசித்ததே இல்லை. வலைக்காரர் போகிற நேரம் பின்னேரம். பின்னேரத்தில் நாங்கள் ஒரு நாளும் அங்கே இருந்ததில்லை.

அதற்கென்று ஒரு பழைய நூல்சேலையைத் தனியாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர். அதையும் எடுத்துக் காட்டினீர். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பதினொரு மணியானதும் பழைய பேய் பிடித்துக்கொண்டது. சில்லுக்கு வைத்த கல்லை எடுத்தேன்.

"நாலு மணி மட்டும் இருப்பமே" என்றீர். "நாலரைக்கு வெளிக்கிட்டாலும் ஆறு மணிக்கு முதல் வீட்டிலை."

"நாளைக்கு வேலை."

"வேலை எட்டு மணிக்குத்தானே."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "உமக்கென்ன, வீட்டிலை இருக்கிறனீர். விடிய எழும்பிப் போறவன் நானெல்லோ" என்றேன். மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். நீர் மிஞ்சிய கறியை மூடி எடுத்து வைத்தீர். "சரி, அடுத்த போயாவுக்குப் பாப்பம்" என்று நான்தான் சொன்னேன், பெரிய வள்ளல் மாதிரி.

ஒரு மணிக்கு வீட்டில் நின்றோம். இரண்டு மணிக்குச் சேட்டு அயன் பண்ணி முடிந்தது, சப்பாத்தும் மினுங்கியது. பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கதிரையில் இருந்து கொட்டாவி விட்டேன். நீர் அந்த நூல்சேலையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குளித்தீர். வாளி வாளியாக அள்ளி ஊற்றிய சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு அப்போது அது வெறும் குளிக்கிற சத்தம்.

இனி உமக்குத் தெரியாத பகுதி.

மறுநாள் காலை நீர் கட்டித் தந்த சோற்றுப் பார்சலோடு எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கந்தோர் வாசலில் நின்றேன். வாசல் காவலுக்கு நின்ற கிண்ணியாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, வீட்ட இரிக்க ஏலாதோ? ஒங்களுக்கு இண்டைக்கு லீவெல்லோ?"

"எனக்கோ?"

"போன கிழமப் போயாவுக்குக் கப்பல் வேல செஞ்சீங்கதானே. அதுக்கு மாத்து லீவு. பலகையில போட்டிரிக்கு, பாக்கல்லியா?"

போய்ப் பார்த்தேன். என் பெயர் அங்கே இருந்தது. போயாவுக்கு முதல் நாள் மத்தியானம், நிலாவெளிக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில், பலகையைப் பாராமல் ஓடிவந்திருந்தேன். கந்தோரில் அத்தனை பேரும் வாசித்த பலகை.

எட்டு மணி. வீட்டுக்கு நடக்கப் பதினைந்து நிமிடம். வான் முற்றத்தில் நின்றது. உம்மையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் பத்து மணிக்கு நிலாவெளி. பின்னேரம் முழுக்க உமக்கு. மகளுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? இவ்வளவும் எனக்கு அந்த வாசலிலேயே தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வீட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் நடந்தும் விட்டேன். அப்போதுதான் முதல் நாள் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது: விடிய எழும்பிப் போறவன் நானெல்லோ. எந்த முகத்தோடு வந்து, எனக்கு இன்று லீவு, பலகையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று சொல்வது? நீர் சிரித்திருப்பீர். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கோட்டைப் பக்கம் திரும்பினேன்.

நாள் முழுக்கக் கோட்டையடிக் கடற்கரையில், மினுங்கிய சப்பாத்தோடு, ஒரு மரத்தின் கீழ் இருந்தேன். கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று வந்து பார்சலை மணந்து பார்த்தது. பாதிச் சோறு அதற்குப் போனது. அன்று கடல் தகரம்போலத் தட்டையாகக் கிடந்தது. மூன்று மணிக்குக் கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நிலாவெளியிலும் வலைக்காரர் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது இறங்கியிருப்பீர், இப்போது கழுத்தளவு, இப்போது கையை வீசியிருப்பீர் என்று இருந்த இடத்தில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு எழும்பி மணலைத் தட்டினேன்.

அடுத்த போயாவுக்கு எனக்குக் கப்பல் வேலை. அதற்கடுத்ததற்கு உம்முடைய ஐயாவுக்குச் சுகமில்லை என்று கிளிவெட்டிக்குப் போனீர். பிறகு ஒன்று மாறி ஒன்றாகத் தடை வந்து, வாடைக்காற்றும் தொடங்கிக் கடல் கொந்தளித்தது. அடுத்த வருடம் வானின் கியர்பொக்ஸ் போய், அது முற்றத்தில் கோழி அடைகாக்கும் இடமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லீவு திரும்பி வந்தபோது உமக்கு நெஞ்சுவருத்தம் வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரே கூடாது என்று டாக்குத்தர் சொன்னார். நான் உம்மை நீந்தக் கண்டதே இல்லை.

ஆனால் என்னை நித்திரை கொள்ள விடாதது அதுகூட இல்லை. அன்று நாலரைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது நீர் வாசலுக்கு வந்து என் கையிலிருந்த பையை வாங்கினீர். என் முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்தீர்.

"வேலை கடுமையோ?"

"ஓம்" என்றேன். "மூச்சுவிட நேரமில்லை."

நீர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தீர். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றீர். பிறகு மெதுவாகச் சொன்னீர்:

"அப்ப நேற்று நேரத்தோடை வந்தது நல்லதுதான். நான்தான் தெரியாமல் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்திட்டன். மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லை" என்றேன். உம்மை மன்னித்தேன். வெற்றுக் கோப்பையை உம்முடைய கையில் தந்தேன், நீர் நிம்மதியாகக் குசினிக்குள் போனீர்.